தின்று எறிந்த எலும்பில் போர்க்கப்பல்! ஜெயிலுக்குள் கைதிகள் செய்த அதிசயம்

பீரங்கி 74! பாய்மரம் 3! நீளமோ ஒன்றரை முழம்தான்!

சூப்பு வைத்துக் குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற மாட்டு எலும்பு. தச்சுவேலையில் கழிந்துபோன மரத்துண்டு. கொஞ்சம் பித்தளை. கொஞ்சம் நூல். நூல் கிடைக்காவிட்டால் குதிரை மயிர். அதுவும் இல்லாவிட்டால் தலைமயிர்!

இவ்வளவுதான் சரக்கு. இதை வைத்துக்கொண்டு ஒரு பெரிய போர்க்கப்பலை அப்படியே சின்னதாகச் செய்து மேஜைமேல் வைத்துவிட்டார்கள்.

செய்தவர்கள் யார்? கலைக்கூடத்தில் படித்தவர்களா? இல்லை. யுத்தத்தில் பிடிபட்டு, எதிரி நாட்டு ஜெயிலில் ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கிடந்த கைதிகள்!

200 ஆண்டுகளுக்கு முன்பு அவர்கள் சில்லறைக் காசுக்கு விற்ற கப்பல்கள் இன்றைக்கு ஏலத்துக்கு வந்தால் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகின்றன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கப்பல்கள் பிறந்த கதை வருமாறு:

எந்தச் சண்டை?

1793-ல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை மூண்டது. 1802-ல் சமாதானம் பேசினார்கள். ஓராண்டுதான் தாங்கியது. 1803-ல் மறுபடியும் ஆரம்பம். நெப்போலியன் வீழ்ந்த பிறகுதான் ஓய்ந்தது.

கடலில் இங்கிலாந்தின் கை ஓங்கி இருந்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டன. ஒரு கப்பல் பிடிபட்டால் அதில் 500, 600 மாலுமிகள். அத்தனை பேரையும் கரைக்குக் கொண்டுவந்து அடைத்தாக வேண்டும்.

முன்பெல்லாம் இரண்டு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொள்வது வழக்கம். 'உன் ஆளை நீ எடுத்துக்கொள், என் ஆளை என்னிடம் கொடு' என்று கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள். 1803-க்குப் பிறகு அந்தப் பேச்சு முறிந்தது. கதவு அடைத்துக்கொண்டது!

1803 முதல் 1814 வரை இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். இருபது வயதில் உள்ளே போனவன் முப்பது வயதில் வெளியே வந்த கதையெல்லாம் உண்டு. அவன் செய்த குற்றம்? கப்பலில் வேலை பார்த்தது!

மரத்தால் ஒரு ஜெயில்

இருக்கிற ஜெயில்கள் போதவில்லை. பழைய போர்க்கப்பல்களின் பாய்மரங்களை வெட்டி எறிந்துவிட்டு, துறைமுகத்தில் கட்டிப்போட்டு, அவற்றையே ஜெயிலாக்கினார்கள். காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. அதுவும் நிரம்பி வழிந்தது.

அப்போதுதான் பீட்டர்பரோ நகருக்குப் பக்கத்தில் நார்மன் கிராஸ் என்ற இடத்தைப் பிடித்தார்கள். போர்க்கைதிகளுக்கென்றே திட்டம் போட்டுக் கட்டிய முதல் ஜெயில் அது. 1796 கடைசியில் வேலை ஆரம்பம். அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே கைதிகள் வந்து இறங்கிவிட்டார்கள்.

கல் கட்டடம் அல்ல. எல்லாம் மரம்! இரண்டு மாடி வைத்த 16 மரக் கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 500 பேர். தூங்குவதற்குத் தொட்டில் மாதிரி துணி ஊஞ்சல்கள், அடுக்கடுக்காக. நட்ட நடுவே எட்டு மூலைக் காவல் கோட்டை. அங்கிருந்து நாலா பக்கமும் பீரங்கி குறிபார்த்தபடி இருக்கும்.

இந்த இடத்தை ஏன் பிடித்தார்கள்? கடல் தூரம், தப்பி ஓடினாலும் படகு கிடைக்காது. லண்டனிலிருந்து வடக்கே போகிற பெரிய ரோடு பக்கத்திலேயே போகிறது. சாமான் கொண்டுவருவது சுலபம்.

அந்த ரோடுதான் பின்னால் கைதிகளுக்கு அதிர்ஷ்டமாக வந்து வாய்த்தது!

மஞ்சள் சட்டை

துணி இல்லாத கைதிகளுக்குச் சர்க்கார் சட்டை கொடுத்தது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள் நிறம். அதில் 'டி.ஓ.' என்று பெரிய எழுத்து. போர்க்கைதிகளைக் கவனித்துக்கொண்ட போக்குவரத்து இலாகாவின் முத்திரை அது. தப்பி ஓடினால் அரை மைலில் இருந்தே அடையாளம் தெரிந்துவிடும்.

சாப்பாடு? ரொட்டி. அளந்து கொடுக்கிற மாட்டிறைச்சி. சில நாளைக்கு மீன். வயிறு நிறையாது, உயிர் போகாது. அந்த அளவு.

ஆனால் பசியைவிடப் பெரிய எதிரி ஒன்று இருந்தது. பொழுது!

காலையில் எண்ணுவார்கள். மாலையில் எண்ணுவார்கள். நடுவே என்ன செய்வது? கடலில் ஓடியாடி வேலை செய்த கை. சும்மா இருந்தால் மூளை கெட்டுப்போகும்.

சட்டையை விற்றுச் சூதாட்டம்

ஒரு கூட்டம் சூதாட்டத்தில் இறங்கியது. காசு தீர்ந்ததும் சட்டையை வைத்து ஆடினார்கள். சட்டை போனதும் போர்வை. போர்வை போனதும் அடுத்த நாள் ரொட்டி, அதற்கும் அடுத்த நாள் ரொட்டி!

இங்கிலாந்துக் குளிர் எப்படிப்பட்டது? எலும்புக்குள் இறங்கும். அந்தக் குளிரில் அம்மணமாக, பட்டினியாகக் கிடந்து நோயில் விழுந்தார்கள். 1809-ல் திறந்த டார்ட்மூர் ஜெயிலிலும் இதே கதை. அங்கே கொட்டகையின் பரணில் ஒரு போர்வையைப் பலபேர் பங்குபோட்டுக்கொண்டு வாழ்ந்த கூட்டமே இருந்தது.

இன்னொரு கூட்டம் வேறு வழியைப் பார்த்தது. அவர்கள் கண் போனது சமையற்கட்டுப் பக்கம். அங்கே கிடந்தது எலும்புக் குவியல்!

கடைந்தான், செதுக்கினான்

ஆயிரக்கணக்கான பேருக்கு இறைச்சி வேகிற இடம். எலும்புக்குப் பஞ்சமா? காசு கொடுக்காமல் கிடைக்கிற மூலப்பொருள் அது ஒன்றுதான்.

கைதிகளில் தச்சர்கள் இருந்தார்கள். கொல்லர்கள் இருந்தார்கள். தையல்காரர்கள், கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் இருந்தார்கள். பிரான்சில் தியெப் என்ற துறைமுகம் யானைத் தந்த வேலைக்குப் பேர்போன ஊர். தந்தம் செதுக்கிப் பழகிய கைக்கு எலும்பு எம்மாத்திரம்?

முதலில் சின்னச் சாமான்கள் வந்தன. டாமினோக் காய், சீட்டுப் பெட்டி, சோழி மாதிரி விளையாட்டுக் காய், பொம்மை. பிறகு கை தேறியது. கப்பலில் இறங்கினார்கள்.

செய்முறை இதுதான்:

எலும்பை நன்றாக வேகவைத்துக் கொழுப்பை எடுப்பார்கள். வெளுக்க வைப்பார்கள். மெல்லிய பட்டைகளாக அறுப்பார்கள்.

கப்பலின் உடம்பு மரம். ஒரே கட்டையில் குடைந்ததும் உண்டு. விலா எலும்பு மாதிரி சட்டம் வைத்துக் கட்டியதும் உண்டு. அந்த மர உடம்பின்மேல் எலும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நிஜக் கப்பலில் பலகை அடிக்கிற வரிசையிலேயே பதிப்பார்கள். வஜ்ஜிரம் மட்டும் போதாது என்று குண்டூசியைவிட மெலிந்த பித்தளை ஊசிகளை வரிசையாக அறைவார்கள். சில கப்பல்களில் இந்த ஊசித் தலைகளை எண்ணினால் ஆயிரத்தைத் தாண்டும்.

எலும்பே இல்லாமல், இறுகிய நல்ல மரத்தில் முழுக் கப்பலையும் செய்தவர்களும் இருந்தார்கள். அது நுணுக்கமான வேலை. மரம் விலைகொடுத்து வாங்கவேண்டும். எலும்போ இலவசம்!

பீரங்கிகளைப் பித்தளையில் கடைந்தார்கள். ஒரு கப்பலுக்கு 74 பீரங்கி என்றால் 74-ம் ஒரே அளவில் வரவேண்டும். ஒன்று தடித்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பாய்மரங்களை நிறுத்தியபிறகு கயிறு கட்டுகிற வேலை. இதுதான் உயிரை வாங்குகிற வேலை! நிஜக் கப்பலில் எந்தக் கயிறு எங்கே போகும், எந்தக் கப்பியில் திரும்பும் என்பது மாலுமிக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவான். பட்டு நூலில், மயிரில் அதையே கட்டினார்கள்.

ஒரே ஆள் செய்தது அல்ல பல கப்பல்கள். ஒருவன் உடம்பு கட்டுவான். ஒருவன் பீரங்கி கடைவான். ஒருவன் கயிறு கட்டுவான். முகப்பில் நிற்கிற வீரன் பொம்மையைச் செதுக்க இன்னொருவன். ஜெயிலுக்குள்ளேயே பட்டறை நடந்தது.

கயிற்றை இழுத்தால்...

வேடிக்கையான விஷயம் ஒன்று. பல கப்பல்களின் பின்பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பீரங்கிகள் எல்லாம் 'சடக்' என்று உள்ளே போய்விடும்! விட்டால் மறுபடியும் வெளியே வரும். உள்ளே சின்ன வில் கம்பிகள்.

மேல் தளத்தை மூடிவிட்டால் அந்த வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியாது. வாங்குகிறவர் வீட்டில் குழந்தைகள் இழுத்து விளையாட வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் பார்த்து 'எனக்கும் ஒன்று' என்று வரவேண்டும். வியாபார தந்திரம்!

அளவு சரியா?

இந்த இடத்தில் ஒரு கணக்கு.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் கப்பல் துறைகளிலும் மாதிரிக் கப்பல்கள் செய்தார்கள். அதெல்லாம் மரம். பெரும்பாலும் 48-ல் ஒரு பங்கு அளவு. அதாவது நிஜக் கப்பலில் ஒரு அடி, மாதிரியில் கால் அங்குலம். நெல்சன் உயிர்விட்ட 'விக்டரி' கப்பலின் பீரங்கித் தளம் 186 அடி நீளம். இந்த அளவில் செய்தால் 46½ அங்குலம் வரும். அடிப்பாகத்தில் பலகை அடிக்காமல் சட்டங்கள் தெரியும்படி விட்டுவிடுவார்கள். கப்பல் எப்படிக் கட்டப்படுகிறது என்று அதைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். லண்டன் கிரீன்விச் மியூசியத்துக்குச் சொந்தமான இப்படிப்பட்ட கப்பல்கள் நிறைய உண்டு.

கைதிகளிடம் பிளான் ஏது? அளவுகோலே ஏது? எல்லாம் நினைவு. ஆகவே அளவு பிசகியது. பாய்மரம் உயரம் கூடிவிடும். பீரங்கி பருத்துவிடும். முகப்புப் பொம்மை பூதாகாரமாக நிற்கும்.

ஆனால் எத்தனை கயிறு, எங்கே முடிச்சு, எந்தப் பக்கம் நங்கூரம் என்பதில் தப்பு இருக்காது. வாழ்ந்த வீட்டை எவன் மறப்பான்?

இன்றைக்கு உலகம் முழுவதும் பொழுதுபோக்குக்காக மரத்தில் பழைய போர்க்கப்பல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளான் வாங்கலாம். அறுத்த பலகையோடு பெட்டியாகவே வாங்கலாம். அப்படியும் ஒரு பெரிய கப்பலை முடிக்க வருஷக்கணக்காகிறது. கைதியிடம் இருந்தது தீட்டிய கத்தி, அரம், உடைந்த கண்ணாடித் துண்டு!

ஜெயில் வாசலில் சந்தை

செய்த சரக்கு விற்கவேண்டுமே? அதற்கு வழி இருந்தது. நார்மன் கிராஸ் ஜெயில் வாசலில் சந்தை நடந்தது. காவல்காரர் முன்னிலையில் கைதிகள் கடை பரப்பலாம். சுற்றுவட்டாரக் கிராம மக்கள் காய்கறி, துணி, புகையிலை கொண்டுவந்து விற்பார்கள். கைதிகளின் சாமானை வாங்கிப்போவார்கள்.

பெரிய ரோட்டில் போகிற கோச்சு வண்டிப் பயணிகள் இறங்கி வேடிக்கை பார்ப்பார்கள். பிரபுக்கள் வருவார்கள். பெரிய கப்பலுக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுத்தவர்களும் உண்டு.

கையிலே காசு, வாயிலே தோசை! கப்பல் விற்ற பணத்தில் கைதி நல்ல ரொட்டி வாங்கினான். கம்பளி வாங்கினான். மேலும் பித்தளை, பட்டு நூல் வாங்கினான். மிச்சத்தைச் சேர்த்து வைத்தான்.

வாங்குகிறவன் இங்கிலீஷ்காரன் ஆயிற்றே! ஆகவே பிரெஞ்சுக் கைதி, தன்னைப் பிடித்து உள்ளே தள்ளிய எதிரியின் கப்பல் பேரையே எழுதி விற்றான். வயிறு முந்தி, ரோஷம் பிந்தி.

வைக்கோலுக்குத் தடை

கப்பலுக்கு அனுமதி. ஆனால் வைக்கோலுக்குத் தடை! என்ன காரணம்?

கைதிகள் வைக்கோலைப் பிளந்து அழகாகப் பின்னினார்கள். தொப்பி தைக்க அந்தப் பின்னலுக்கு வெளியே நல்ல கிராக்கி. ஆனால் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் ஏழைப் பெண்களும் குழந்தைகளும் அதே தொழிலைத்தான் நம்பி இருந்தார்கள். கைதிக்கு வீட்டு வாடகை இல்லை, வரி இல்லை. விலையைக் குறைத்து விற்றான். உள்ளூர்க்காரர் பிழைப்பில் மண் விழுந்தது. புகார் போனது. சர்க்கார் தடை போட்டது.

தடை போட்டால் நின்றுவிடுமா? காவலுக்கு நின்ற சிப்பாய்களே வைக்கோலை உள்ளே கடத்தினார்கள். பின்னலை வெளியே கடத்தினார்கள். அகப்பட்டுக் கசையடி வாங்கினார்கள்.

எலும்புக் கப்பல் செய்கிற தொழில் உள்ளூரில் யாருக்கும் இல்லை. யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. அதனால் தப்பியது!

கள்ளநோட்டு

செதுக்குகிற கை சும்மா இருக்குமா? சிலபேர் குறுக்கு வழியில் போனார்கள். இங்கிலாந்து பாங்கி நோட்டை அச்சடிக்க ஜெயிலுக்குள்ளேயே தகடு செதுக்கினார்கள்! வாசல் சந்தையிலேயே கள்ளநோட்டு கைமாறியது. அந்தக் காலத்தில் இந்தக் குற்றத்துக்குத் தூக்கு. நார்மன் கிராஸ் கைதிகள் இரண்டு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேற்றவில்லை.

ஒரே உளி. ஒருவன் கையில் கப்பல். இன்னொருவன் கையில் கள்ளநோட்டு!

1,770 பேர் சாவு

கப்பல் கதை இனிக்கிறது என்பதற்காக மற்றதை மறைக்க முடியாது.

1800, 1801-ல் டைபஸ் காய்ச்சல் பரவியது. பேன் பரப்புகிற நோய் அது. நெருக்கியடித்துக்கொண்டு படுத்த கொட்டகைகளில் தீ மாதிரி பாய்ந்தது. அந்த ஒரு தடவையில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஜெயில் நடந்த காலம் முழுவதிலும் செத்தவர்கள் 1,770 பேர். ஊர், பேர் எழுதிய கல்லறை அவர்களுக்கு இல்லை. வயலில் புதைத்தார்கள்.

1814-ல் நெப்போலியன் பதவி இறங்கினான். கதவு திறந்தது. கைதிகள் ஊர் திரும்பினார்கள். வெறுங்கையோடு போனவர்களும் உண்டு. மடியில் பணத்தோடு போனவர்களும் உண்டு. 1816-ல் மரக் கொட்டகைகளை ஏலம் போட்டுப் பிரித்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் புல்வெளி.

2010-ல் இங்கிலாந்து டெலிவிஷனில் அங்கே தோண்டிப் பார்த்ததைக் காட்டினார்கள். மண்ணுக்குள் என்ன கிடைத்தது? அறுத்த எலும்புத் துண்டுகள்!

போலிகள் ஜாக்கிரதை

விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா? கைதிகள் செய்தது என்று சொல்லி, பின்னால் வந்தவர்கள் செய்த கப்பல்களும் சந்தையில் நடமாடுகின்றன. 'இது இன்ன கப்பல்' என்று அடியில் எழுதியிருப்பதையும் நம்ப முடியாது. வியாபாரிகள் பிறகு சூட்டிய பேர்கள் பல.

இன்னொரு சிக்கல் தந்தம். யானைத் தந்தச் சாமான்களை விற்பதற்கு இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல் கடும் சட்டம். சில விதிவிலக்குகள் தவிர விற்கவே கூடாது. மாட்டு எலும்பை 'தந்தம்' என்று தெரியாமல் எழுதிவிட்டால் வில்லங்கம். வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி? பூதக்கண்ணாடியில் பார்த்தால் எலும்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். ரத்தம் ஓடிய பாதை அது. தந்தத்தில் அது இருக்காது. குறுக்கு வெட்டில் வலை பின்னிய மாதிரி கோடுகள் தெரியும்.

கழுகையே திருடினார்கள்!

செத்த கைதிகளின் நினைவாக 1914-ல் நார்மன் கிராசில் ரோட்டோரம் ஒரு தூண் எழுப்பினார்கள். உச்சியில் வெண்கலக் கழுகு, நெப்போலியன் படையின் சின்னம். 1990-ல் ஒருநாள் பார்த்தால் கழுகைக் காணோம்! திருடர்கள் தூணைச் சாய்த்துப் பறவையைக் கொண்டுபோய்விட்டார்கள். அது திரும்பி வரவே இல்லை. பணம் திரட்டிப் புதுக் கழுகு செய்து 2005-ல் திரும்ப ஏற்றினார்கள். திறந்து வைத்தவர் யார் தெரியுமா? நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபுவின் வாரிசு!

பீட்டர்பரோ மியூசியத்தில் நார்மன் கிராஸ் கைதிகளின் கைவேலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அமெரிக்காவில் அன்னபோலிஸ் கடற்படைக் கல்லூரிக்கு ஒரு பெரும் பணக்காரர் 1935-ல் விட்டுச்சென்ற கப்பல் கூட்டத்திலும் எலும்புக் கப்பல்கள் சேர்ந்து நிற்கின்றன.

மரக்கோட்டை போய்விட்டது. பீரங்கி போய்விட்டது. சக்கரவர்த்தியும் போய்விட்டான். சமையற்கட்டுக் குப்பையில் பொறுக்கிய எலும்பு மட்டும் பாய் விரித்து நிற்கிறது. அதைச் செய்தவன் பேர் பெரும்பாலான கப்பல்களில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.